ஆதிலாபாத் வரை

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ
பழையபேட்டைக்குள் மெல்ல ஊர்கிறது.
விலகியிரு. வீட்டிலிரு. தனித்திரு.
முந்த வழியில்லாமல் பின்னாலேயே
என் எக்ஸ்எல் வண்டி.
பையில் ஊசி நூற்றிருபது, முகக்கவசம் நாற்பது,
மேலாக இரண்டு சீப்பு ஏலக்கி.

எட்டு வருஷமாய்க் கிருஷ்ணகிரியில்
நான் சொல்லித் திரிந்தது வேறு:
விட முடிகிற அன்று விடு.
அதுவரை
அடுத்தவன் ஊசியைத் தொடாதே,
உன்னுடையதைக் கொடுக்காதே,
தனியாக மட்டும் போட்டுக்கொள்ளாதே.
உதடு நீலம் பாய்ந்தால் பார்க்க ஒரு கண் வேண்டும்.
ஒருக்களித்துக் கிடத்த ஒரு கை.
நூற்றெட்டைக் கூப்பிட ஒரு வாய்.

இப்போது ஊரே
ஒருவர் தொட்டதை ஒருவர் தொடுவதில்லை.
சில்லறையைக்கூடக் கழுவுகிறார்கள்.
எங்கள் பாடத்தின் முதல் பாதியை
எல்லோரும் ஒரே மாதத்தில் படித்துவிட்டார்கள்.
கடைசி வரியைத்தான்
அந்த ஆட்டோ அழித்துக்கொண்டே போகிறது.

*

டோல்கேட்டில் தடுப்பு.
"பையில என்ன?"
"ஊசி சார்."
"யாருக்கு?"
பொய் தயாராக இருந்தது: சர்க்கரைக்காரர்களுக்கு.
அவர் கவசத்தை இறக்கி, குரலையும் இறக்கி,
"எங்கம்மாவுக்குத் தீந்துபோச்சு,
எந்தக் கடையும் தொறக்கல" என்றார்.
பத்து எண்ணிக் கொடுத்தேன்.
பழக்கதோஷம், அவரிடமும் சொன்னேன்:
ஒருமுறை போட்டதை மறுமுறை வேண்டாம்.
பதிவேட்டில் எழுதினேன்: காவல், பத்து.

*

முன்பெல்லாம் மாத்திரையை
நர்ஸ் கண்ணெதிரே நாக்கடியில் வைத்து
கரைந்ததும் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.
தினமும்.
மீசை நரைத்தவனும்.
ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்தது:
ஏழு நாளைக்கு உரியதைக் கையிலேயே கொடுக்கலாம்.

மாதப்பன் பொட்டலத்தை வாங்கி
நெடுநேரம் நகரவில்லை.
"நம்பிக் குடுக்கறீங்களா?"
ஒரு கிருமி உனக்குச் சிபாரிசு செய்தது
என்று எப்படிச் சொல்ல.
ஆமாம் என்றேன்.
எட்டாம் நாள் காலி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்
யாரும் கேட்காமலே.

திம்மராயன் வரவில்லை.
கிரானைட் பட்டறையிலிருந்து அள்ளிப்போய்
பர்கூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள்.
ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு, அவன் மட்டும்.
ஜன்னல் வழியாக யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள்.
சொன்னபடி தனித்திருந்தான்.
தொற்று இல்லை என்று முடிவு வந்தபோது
புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

*

ராத்திரி பதினொன்றே முக்கால்.
சூளகிரி தாண்டி, மாங்கூழ் கம்பெனி வாசலில்
பன்னிரண்டு நாளாய் நிற்கும் லாரியிலிருந்து
ஷவுகத்.
"அக்கா, போடப்போறேன். பக்கத்துல யாருமில்ல.
லைன்ல இருக்கீங்களா?"

வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன்.
அவன் பேசாமல் இருந்தான்.
வாட்ச்மேன் நம்பர் கேட்டு வாங்கினேன்.
"கதவு லாக்கை எடுத்து விடு. பேசிட்டே இரு."
"என்ன பேசறது?"
"நீ ஓட்டற ரோட்டைச் சொல்லு. ஊர் ஊரா."

ஓசூர் என்றான்.
தேவனஹள்ளி.
சிக்கபள்ளாப்பூர்.
பாகேபள்ளி, அங்க டீ நல்லாருக்கும்.
பெனுகொண்டா.
அனந்தப்பூர்...
குத்தி...
கர்னூல்.

பிறகு ஊரே இல்லை.

ஷவுகத்.
ஷவுகத், கர்னூலுக்கு அப்புறம்?
இன்னொரு காதில் இன்னொரு போன்,
மணி அடிக்கிறது, அடிக்கிறது.
அடுத்த அறையில் என் மகள்
தூக்கத்தில் இருமினாள்.
அதற்குக்கூடத் திரும்பவில்லை நான்.
பல்லாயிரம் லாரி போன சாலை
என் உள்ளங்கையில் இருட்டிக் கிடந்தது.

தகரத்தில் தடதடவென்று யாரோ தட்டுகிற சத்தம்.
"டேய், டேய்" என்று வாட்ச்மேன்.
அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து
"ஜட்...சர்லா."

திட்டினேன்.
என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.
வாட்ச்மேனைப் படியிலேயே உட்காரச் சொன்னேன்,
கவசம் போட்டுக்கொண்டு, நகராமல்.
ஒன்றே முக்காலுக்கு ஆதிலாபாத் வந்தது.

*

காலையில் மாதாந்திரப் படிவம்.
ஊசி, கொடுத்தது. ஊசி, திரும்பியது.
மாத்திரை. கவசம்.
இதற்கென்று கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
ஷவுகத், ஆதிலாபாத் வரை.