மடுவத்துத் தராசு

சனி இரவு பொகவந்தலாவையில் கரண்ட் இல்லை.
மெழுகுதிரியைக் கிளாசில் நிறுத்தி
மறுநாள் பிரசங்கத்துக்கு
மூன்று தலைப்புகள் தேடினேன்.
மூன்றும் 'க' வரிசையில் வேண்டும்,
கொழும்புப் பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்.
கூலி. கிருபை.
மூன்றாவது வரவில்லை.
கொழுந்து என்று எழுதி
அடித்தேன்.

இன்னொன்றும் சொன்னார்கள்:
காதால் கேட்டதைச் சனம் வாசலிலேயே விட்டுவிடும்,
கண்ணால் கண்டதை வீட்டுக்குக் கொண்டுபோகும்,
ஆகவே ஏதாவது பொருளோடு மேடை ஏறுங்கள்.
போன மாதம் உப்பு கொண்டுபோனேன்.
பொடியன்கள் நக்கித் தீர்த்தார்கள்.
அதற்கு முந்தி டோர்ச் லைட்.
ஒளியைப் பற்றிச் சொல்லும்போது பெட்டரி செத்தது.

இந்த முறை திராட்சைத் தோட்டத்து உவமை.
விடியலில் வந்தவனுக்கும்
பொழுது சாய வந்தவனுக்கும் ஒரே சம்பளம்.
பத்து வருசத்தில் நாலு தரம் பிரசங்கித்தாயிற்று.
நாலாம் தரம் வாசலில் கைகொடுக்கும்போது
மார்த்தாள் கேட்டாள்,
"அது எந்தக் கம்பனித் தோட்டம் ஐயா?
நாங்க பதினேழு பறிச்சா அரைப்பேர்."
சிரித்தேன்.
அப்படிச் சிரித்ததற்காகத்தான்
இந்த ஐந்தாம் தரம்.

கணக்கப்பிள்ளை ஏசுவடியான் சபைக்குப் பொருளாளர்.
மடுவத்துத் தராசைக் கேட்டேன்.
ஞாயிறு கொழுந்து இல்லைதானே என்று
தானே தோளில் சுமந்துவந்து
மேற்கணக்குக் கோயில் விட்டத்தில் கட்டினார்.
என் திட்டம் இது:
கடைசியில் தராசை அவிழ்த்து
மேசைக்கு அடியில் வைத்துவிட்டு,
கடவுளின் மடுவத்தில் தராசே இல்லை என்பேன்.
இங்கே குரலைத் தாழ்த்தவும் என்று
பென்சிலால் ஓரத்தில் குறித்திருந்தேன்.

யாராவது வந்து எதையாவது மாட்டுங்கள் என்றேன்.
அதுவும் பயிற்சியில் சொன்னதுதான்.
மார்த்தாளின் மருமகள் ஜெபசீலி எழுந்தாள்.
இடுப்பில் கட்டும் படங்கை விரித்து
பிள்ளையை நடுவில் இருத்தி
நாலு முனையையும் சேர்த்துக் கொக்கியில் கொளுவினாள்.
பிள்ளை ஆடியது. ஆடிக்கொண்டே கெக்கலித்தது.
முள் நடுங்கி
ஆறில் நின்றது.

"வெள்ளிக்கிழமை மிட்வைஃப் அம்மா நிறுத்தாங்க.
ஏழரை."
கிளினிக் கார்டை எல்லாருக்கும் விரித்துக் காட்டினாள்.
"கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ஒண்ணுன்னு கழிப்பாங்க.
பிள்ளையில என்னத்துக்கு ஐயா கழிச்சீங்க?"

ஓ.எல் எழுதப்போகும் ஒரு பொடிச்சி
பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பெருக்கி வகுத்து,
"இருபதுக்குப் பதினாறு" என்றாள்.
கேட்காததுபோல் சொன்னாள், எல்லாருக்கும் கேட்டது.
ஏசுவடியான்
காணிக்கைப் பையின் கயிற்றை முடிச்சிட்டார்,
அவிழ்த்தார், திரும்ப முடிச்சிட்டார்.

குரலைத் தாழ்த்த வேண்டிய இடம் வந்தது.
குரல் எப்போதோ தாழ்ந்திருந்தது.
மூன்றாவது 'க' அப்போதுதான் வந்தது:
கணக்கு.
அதையும் சொல்லவில்லை.
தாளை மடித்து ஆசீர்வாதம் கூறினேன்.

வாசலில் மார்த்தாள் கைகொடுத்தாள்,
கையை விடவில்லை.
கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், நல்ல பிடி.
"இன்னைக்குத்தான் ஐயா பிரசங்கம்.
நாளைக்குப் பத்து மணி நிறுவைக்கு மடுவத்துக்கு வாங்க.
பேச வேணாம்.
முள்ளுக்குப் பக்கத்தில நின்னா போதும்."

இப்போது ஞாயிறு இரவு. கரண்ட் வந்துவிட்டது.
தராசைத் திரும்பக் கொண்டுபோக யாரும் வரவில்லை.
என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது.
நான் இருக்கும் வீடு கம்பனியுடையது.
கோயில் கூரைக்குத் தகரம் தருவதாகத்
துரை சொல்லியிருக்கிறார், பதினெட்டுத் தகரம்.
பயிற்சிக் கையேட்டைப் புரட்டினேன்.
எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது,
சிரிப்பு எந்த நிமிடத்தில், எல்லாம் இருக்கிறது.
பக்கத்தில் நிற்பது எப்படி என்று இல்லை.

குடை எங்கே என்று மனைவியிடம் கேட்டேன்.
"இந்த நேரத்திலா?"
காலையில், பத்து மணிக்கு.
தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"கம்பி ஒடிஞ்சது ஒண்ணுதான் இருக்கு."

பரவாயில்லை,
எடுத்து வை.