அக்கறையுள்ளவர் இருவர்

திம்மராயப்பா உயில் எழுதவில்லை.
எழுதியதெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்று:
இடப்பக்கம் மாங்காய் வரவு,
வலப்பக்கம் பிணச் செலவு.

செந்தூரா பதினாறு கூடை, மண்டிக் கமிஷன் போக.
ஆண், சுமார் அறுபது, புது பஸ் ஸ்டாண்டு. கோடி, மாலை, வண்டி வாடகை.
பெங்களூரா ஒரு லோடு, கூழ் ஃபேக்டரி, பாக்கி வரணும்.
பெண், சுமார் முப்பது, அணை மதகு ஓரம். பச்சை வளையல் நாலு.
கழட்ட வேணாம்னு சொல்லிட்டேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிப் பிணவறையில்
யாரும் கேட்டு வராதவர்களுக்கென்று
சந்தூர் ரோட்டு மூன்றேகால் ஏக்கர்.
வாயால் சொன்ன அறக்கட்டளை.
பதிவில்லை, முத்திரைத்தாள் இல்லை,
எனக்குப் பின் இன்னார் என்ற வரி இல்லை.
மாசியில் ஒருநாள் தண்ணீர் திருப்பப் போனவர்
மரத்தடியில் உட்கார்ந்தார்,
எழவில்லை.

காரியம் முடிந்த கையோடு
மகன்கள் தாசில்தார் ஆபீஸில்.
வாரிசுச் சான்றிதழில் இரண்டே பெயர்.
தோட்டத்து கேட்டில் புதுப் பூட்டு.

பிணவறை ஏசுதாஸ்
நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து
என் மேசையில் போட்டார்.
"கேஸ் போடுங்கம்மா."

யாருக்காக?
வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள்
பெயரில்லாமல் புதைந்து கிடக்கிறார்கள்.
நூற்று நாற்பத்தேழு பேர், எண்ணிப் பார்த்துவிட்டேன்,
கைநாட்டு வைக்கக்கூட விரல் மிச்சமில்லை.

சட்டம் இதற்கும் ஒரு சந்து விட்டிருக்கிறது.
தொண்ணூற்றிரண்டாம் பிரிவு:
அறத்தில் அக்கறையுள்ளவர் இருவர்
கோர்ட்டு அனுமதியோடு வழக்கிடலாம்.
இருவர். ஒருவர் போதாது.
இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரில்
ஏசுதாஸுக்கு ஜோடி தேடி ஒரு மாதம் அலைந்தேன்.
பூக்கடைக்காரர், "பசங்க முரடனுங்க" என்றார்.
ஒரு சங்கத்தில் பாதாம் பால் கொடுத்து
தீர்மானம் போடுவதாகச் சொன்னார்கள்.

வந்தவள் முனிரத்னம்மா, பர்கூரிலிருந்து.
மகள். பட்டியலில் விட்டுப்போனவள்.
வேறு சாதிக்காரனோடு போய் இருபது வருஷம்.
"ஊரான் பொணத்துக்கெல்லாம் அப்பன்,
என்னோட மட்டும் பேசல."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
சட்டப்படி உங்களுக்கு மூன்றில் ஒன்று உண்டு.
அது வேண்டுமென்றால் வேறு வக்கீலைப் பாருங்கள்,
நான் இரண்டு பக்கமும் நிற்க முடியாது.
இதில் கையெழுத்துப் போட்டால்
தோட்டம் குடும்பச் சொத்தே இல்லை என்று
நீங்களே சொன்னதாகிவிடும்.

நோட்டைப் புரட்டினாள்.
பச்சை வளையலில் கொஞ்சம் நின்றாள்.
"இந்தக் காயிதத்துல எம்பேரு வருமா?"
முதல் வாதியாக வரும்.
"இன்னாரு மகள்னு போடுவீங்களா?"
போட்டே ஆகணும். அதுதான் வழக்கம்.
"அப்ப குடுங்க பேனாவ."

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து,
வாதிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டார்.
கேள்வி நியாயமானதுதான்.
பதிலுரைக்கு ஜூன் இருபத்துமூன்று வாய்தா.
அதற்குள் காய் முழுக்க இறங்கிவிடும்.

நேற்றிரவு ஏசுதாஸ் போன் செய்தார்.
ஆண், சுமார் நாற்பத்தைந்து, டோல்கேட் பக்கம்.
நோட்டு இப்போது சான்றாவணம்,
அதில் யாரும் எழுதக் கூடாது.
என் டைரியின் கடைசித் தாளில்
நடுவே ஒரு கோடு கிழித்து
வலப்பக்கம் மட்டும் எழுதினேன்.