இரண்டு டிகிரி

த்ரியெஸ்தெயில் போரா காற்று அடித்த இரவு.
ஒண்டினா ஒரு காப்பிக் கம்பெனிக்கு உளவு,
துல்லியோ அதன் எதிரிக்கு.
வறுக்கும் சூட்டில் இரண்டு டிகிரி வித்தியாசம்;
அதற்குத்தான் இருவருக்கும் சம்பளம்.
பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்.
அந்தக் கால்கள் போர்வைக்குள் பின்னிக்கொள்ளும் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

அவன் தூங்கினான். அல்லது
தூங்குகிறவனின் மூச்சை நன்றாகப் பயின்றிருந்தான்.
அவள் அவனுடைய பையைத் திறந்தாள்.
பார்க்கிங் சீட்டு. பாதி கடித்த பிஸ்கட்.
இவ்வளவு வெறுமையைத்
தொழில் தெரிந்தவன்தான் தயாரிப்பான் என்று
கோபம்கூட வந்தது.

ஜிப்பின் குறுக்கே அவன் ஒட்டியிருந்த முடி
எங்கோ விழுந்துவிட்டது.
இருட்டில் தரையைத் தடவி எடுத்து
எச்சில் தொட்டு
இருந்தபடியே ஒட்டினாள்.

காலையில் பார்த்தான்.
அவன் வைத்தது குட்டை, நரை.
இருந்ததோ முழ நீளம், செம்பட்டை.

“தூங்கினாயா?” அடுப்படியிலிருந்து அவள்.
“கட்டை மாதிரி.”
எந்தக் கம்பெனித் தூள் என்று கேட்காமல்
அவள் தந்த கோப்பையை
அவனே முதலில் குடித்தான்.

பிறகு பையைத் திறக்காமல் தோளில் மாட்டி
துறைமுகம் வரை
ஜிப்பை உள்ளங்கையால் பொத்தியபடி நடந்தான்,
காற்று கொண்டுபோய்விடாமல்.