இரண்டு நூலிலும் இல்லாதவள்

தெஸ்ஸே மருத்துவமனையில்
வாரத்துக்கு நான்கு இரவு எனக்கு.
வலி ஏறும்போது இந்த மலையூர்ப் பெண்கள்
கூப்பிடுவது ஒரே பெயரை.
மரியம்.
சிலுவை பச்சை குத்திய நெற்றியும் அப்படித்தான்,
முக்காடு நழுவிய தலையும் அப்படித்தான்.

நேற்று ஐந்தாம் கட்டிலில் யெஷிமெபெத்,
ஆறில் லுபாபா.
நடுவே ஒரு திரை,
அதிலும் பாதி வளையங்கள் இல்லை.

வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
கணவன்மார் சண்டை போட்டார்கள்.
கடவுளுக்கு மகன் உண்டா,
சிலுவையில் இறந்தது அவர்தானா,
இறக்கவே விடாமல் மேலே எடுத்துக்கொண்டானா.
கெதினெத் லாரி மெக்கானிக்.
ஜெமால் அதே லாரியில் கிளீனர்.
பிரேக் பிடிக்காத விஷயம் என்றால்
இரண்டு நிமிஷத்தில் ஒத்துப்போவார்கள்.
இது அப்படியில்லை.
கதவைத் திறந்து, சத்தம் கூடாது என்றேன்.
அதற்கு மட்டும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

உள்ளே வேறு வழக்கு.
"அவளுக்கு வலிக்கவே இல்லை" என்றாள் யெஷிமெபெத்.
"பூட்டிய அறைக்குள் வெயில் விழுகிற மாதிரி வந்தார்.
சத்திரத்தில் இடமில்லை.
துணியில் சுற்றித் தீவனத்தொட்டியில் கிடத்தினாள்.
அவ்வளவுதான்."

லுபாபா மூச்சை முழுதாக விட்டுவிட்டு
மெல்லச் சொன்னாள்:
"எங்களுடையதில் வலித்தது.
தனியாய்ப் போனாள்.
கணவன் இல்லை, தொழுவம் இல்லை.
பேரீச்சை மரத்தடியில் சாய்ந்து,
இதற்கு முன்னாலேயே செத்திருக்கக் கூடாதா
என்று அழுதாள்."

"தேவதாய் அப்படிச் சொல்வாளா?"
ஐந்தாம் கட்டில்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

எனக்கு இது பழக்கம்.
எங்கள் வீட்டுக் கல்யாணங்களில்
இரண்டு கிடா, இரண்டு கத்தி, இரண்டு பந்தி.
அப்பா அறுத்ததைச் சித்தப்பா தொடமாட்டார்,
சித்தப்பா அறுத்ததை அப்பா.
கிடங்கில் வெங்காயம் மட்டும் பொது.
அதை உரித்து உரித்தே வளர்ந்தேன்.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு பார்த்தேன்,
எட்டு விரற்கடை திறந்திருந்தது.
அப்போதுதான் யெஷிமெபெத்
பல்லை நெரித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே:
"லுபாபா,
அந்த மரத்து விஷயத்தை இன்னொரு தரம் சொல்."

சொன்னாள்.
தன் வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில்
துண்டு துண்டாய்ச் சொன்னாள்.
காலடியில் ஊற்று. கீழிருந்து ஒரு குரல்.
மரத்தை உன் பக்கம் குலுக்கு,
பழுத்தது உதிரும், தின்று குளிர்ந்திரு.

"குலுக்கச் சொன்னார்களா? அந்த நிலையிலா?"

இருவரும் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பு பாதியில் கத்தலாக மாறியது.
எது யாருடையது என்று
இருட்டில் எனக்குப் பிடிபடவில்லை.

மூன்று பத்துக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று.
இரண்டும் பெண்.
ஜெமால் கையைக் கழுவிக்கொண்டு வந்து
மகளின் வலது காதில் தொழுகை அழைப்பைச் சொன்னான்.
கெதினெத் எண்பது நாளை விரல்விட்டு எண்ணினான்,
அதற்குப் பிறகுதான் ஞானஸ்நானம்.
நோன்பு மாதம் என்று பாலை ஒதுக்கிய யெஷிமெபெத்
திரைக்கு அப்பாலிருந்து நீண்ட கையில்
மூன்று பேரீச்சம்பழம் எடுத்தாள்.
கொட்டையை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டாள்.

பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும்.
லுபாபாவின் மகள் மரியம்.
யெஷிமெபெத் திடுக்கிட்டாள்:
"அந்தப் பெயரை வெறுமே வைப்பார்களா?
என் மகள் வலெத்தெ மரியம்."
மரியமின் மகள் என்று அர்த்தம்.
ஒருத்தி அந்தப் பெயரை உடுத்திக்கொண்டாள்,
ஒருத்தி அதன் நிழலில் நின்றாள்.
இரண்டையும் என் ஓடாத பேனாவால்
அழுத்தி அழுத்தி எழுதினேன்.

விடியலில் கையுறையைக் கழற்றும்போது
எனக்கு என் வழக்கு ஞாபகம் வந்தது.
அந்த நூலில் தொட்டி இருக்கிறது, துணி இருக்கிறது,
இந்த நூலில் மரமும் தண்ணீரும்.
இடையர்கள் வந்ததும் இருக்கிறது,
தொட்டில் குழந்தை பேசியதும் இருக்கிறது.
சரி.
தொப்புள்கொடியை யார் அறுத்தது?

யாரோ அறுத்திருக்கிறாள்.
கழுவி, முடிந்து,
ரத்தம் நின்றதா என்று
ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கிறாள்.