நாலு கிலோ அதிகம்

ஹாப்சாலுவில் பனி விலகாத மார்ச்.
வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள் லீவி:
பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள்?
வேலி என்ன உயரம்?
பிறகுதான் தாய் நாயின் இடுப்பெலும்புப் படத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்,
ஜாதகம் விரிக்கிறவள் மாதிரி.

எட்டுக் குட்டிகள்.
ஓடிவந்து பூட்ஸ் நாடாவைக் கடித்ததைத்தான்
ரைக்கோ கேட்டான்.
"அதற்கு ஓடப் பண்ணை வேண்டும்.
உங்களுக்கு இவன்."
தூங்கிக்கொண்டிருந்ததைத் தூக்கித் தந்தாள்.

தூங்குமூஞ்சி என்று நினைத்தோம்.
முதல் வாரமே ஒரு கையுறை,
வரித்துறைக் கடிதத்தில் பாதி,
தாளோடு வெண்ணெய்.
வயிறு நிறைந்த செய்தி
லாப்ரடாரின் மூளைக்குப் போய்ச் சேர்வதே இல்லை.
லீவி எழுதிக் கொடுத்திருந்தாள்:
இரண்டு வேளை. அளந்து. கெஞ்சினாலும்.

அளந்துதான் போட்டோம்.

ஜனவரியில் மருத்துவர் தராசைப் பார்த்தார்.
"நாலு கிலோ அதிகம். இடுப்பு தாங்காது.
யார் கூடுதலாகக் கொடுப்பது?"
நான் கூரையைப் பார்த்தேன்.
மாரிகா தன் காலணியை.
ரைக்கோ கோட்டுப் பைக்குள் விட்ட கையை
வெளியே எடுக்கவில்லை.
காரு மட்டும்
ஒருவர் விடாமல் எங்கள் முகம் பார்த்து
மூன்று முறை வாலாட்டினான்.

காரில் யாரும் பேசவில்லை.
பாலாடைக்கட்டி வாசனை அடித்தது.

இப்போது உறைந்த விரிகுடாவோரம்
தினம் ஒரு மணி நேரம்,
மூக்கு மரத்துப்போகும்வரை நடை.

நேற்றிரவு குளிர்பெட்டி திறக்கும் ஓசை.
கையும் களவுமாகப் பிடிக்க
வெறுங்காலோடு போனேன்.
இருட்டில் மாரிகா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்,
எண்ணி மூன்று வில்லை.
காலடியில் அவன், எச்சில் ஒழுக.

திரும்பிப் பார்க்காமலே ஒன்றை நீட்டினாள்:
"இது உன் பங்கு.
ரைக்கோவை எழுப்பு."