வலது கட்டைவிரல்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எலும்பு ஓ.பி.
டோக்கன் எழுபத்து மூன்று.
டாக்டர் என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி
மற்ற விரல்களால் மூடச் சொல்லி
மணிக்கட்டை லேசாகக் கீழே சாய்த்தார்.
கண்ணில் பூச்சி பறந்தது.

"எந்த ஊரும்மா?"
"முக்கூடல்."
நிமிராமலே கேட்டார்:
"பீடி சுத்துவியோ?"

மேசையில் கவிழ்ந்து கிடந்த என் போன்
ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

"ஆமா சார்."

எழுதிக்கொண்டார்.

நான் புள்ளியியல் முதுகலை, இரண்டாம் வருஷம்.
அபிஷேகப்பட்டி விடுதியில் மாடி அறை.
மாணவர்களின் கைபேசியும் உடல்நலமும்தான்
என் ப்ராஜெக்ட்.
நூற்றிருபது படிவங்கள்.
பொய்யான பதில்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று
ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்ற கேள்விக்கு
ஜெபக்கனி என்னைத் திருப்பிக் கேட்டாள்:
"எதுட்டி, நேத்தைக்கா இன்னைக்கா?"
ரஹ்மத் நிஷா சொட்டு மருந்து கன்னத்தில் வழிய
ஒற்றைக் கண்ணால் ரீல் பார்த்தபடி
'கண் எரிச்சல்: இல்லை' என்று டிக் அடித்தாள்.
வேதியியல் உச்சிமாகாளி
நெற்றி நிறைய தைலத்தோடு வந்து
'தலைவலி: எப்போதாவது' என்றான்.
காலைச் சாப்பாட்டு வரிசையில்
அவனை நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?
முக்கால்வாசிப் பேர் மூன்று என்றார்கள்.
நம்பினேன்.
நானும் மூன்று என்றுதான் எழுதியிருந்தேன்.
போன் தன் கணக்கில் வைத்திருந்தது
ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம்.

விளக்கணைத்த பிறகு
எங்கள் அறையில் மூன்று போர்வைகளுக்குள்
மூன்று விடியல்.
ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஜன்னலுக்கு நேரே தெரியுமாம்.
ஜெபக்கனி ஸ்டேட்டஸில் போட்டபோது பார்த்தேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.
பேட்டை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.
கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

அம்மா தட்டை மடியில் வைத்திருந்தாள்.
இலை, தூள், ஒரு சுருட்டு,
கட்டைவிரலால் முனையில் ஓர் அழுத்து, நூல்.
பேசும்போதும் அந்த விரல் நிற்காது.
நாளுக்கு ஆயிரம்.
இந்தப் போன் அறுபதாயிரம் பீடி.
அம்மா ஒருநாளும் சொன்னதில்லை,
நான்தான் வகுத்துப் பார்த்தேன்.
படித்த படிப்பு அதற்காவது உதவியது.

"ஏட்டி, கையில என்ன பட்டி?"
"எழுதி எழுதி வலி."
"கழத்து பாப்போம்."

தன் கையில் மாட்டினாள்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.
விரலை அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை.
"சொகமாத்தான் இருக்கு.
இத மாட்டிக்கிட்டு எலைய எப்படிச் சுருட்ட?"
கழற்றித் தந்துவிட்டு
பையிலிருந்து நழுவிய சீட்டை எடுத்தாள்.
அடியில் தமிழில் இருந்ததை
எழுத்துக் கூட்டி வாசித்தாள்:

பீடி வேலை ஆறு வாரம் நிறுத்தவும்.

தட்டில் தூள் சரிந்ததை
ஓரமாகக் கூட்டிச் சேர்த்தாள்.
அப்புறம் கேட்டாள்:
"இது யாருக்கு எழுதுன சீட்டுட்டி?"

இப்போது மணி ஒன்று நாற்பது.
விடுதிக்குத் திரும்பி நான்கு நாளாகிறது.
நூற்று இருபத்தொன்றாவது படிவம்
தலையணைக்கு அடியில் இருக்கிறது.
பதினோராம் கேள்வி, 'வலி உண்டெனில் காரணம்',
இன்னும் காலி.

வலது கையில் பட்டி இறுக்கமாக இருக்கிறது.
இடது கட்டைவிரல்
மெதுவாகத்தான் தள்ளுகிறது,
தப்புத் தப்பாகத் தொடுகிறது,
பழகிவிடும்.