முதல் செவ்வாய்

மாதத்தின் முதல் செவ்வாய் கையெழுத்து நாள்.
மூன்று மாதம் அவன் வரவில்லை.
சிவப்புப் பேனையால் மூன்று முறை எழுதினேன்:
"சமுகமளிக்கவில்லை."
நான்காவதை எழுதினால்
கோப்பு நீதிமன்றம் போகும்.

எச்சரிக்கைக் கடிதம் சிங்களத்தில் போனது.
லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்
கடைக்காரர் ஒருவர்தான்.
அவரும் பாதியை வாசித்துவிட்டு
"கவர்மெண்டு காயிதம், பத்திரமா வை" என்றாராம்.

பத்திரமாகத்தான் வைத்திருந்தான் சந்திரகாந்தன்.
கசிப்பு வழக்கு, ஓராண்டு நன்னடத்தை.
ஒரு புதன்கிழமை வந்து
நாலாய் மடித்த கடிதத்தோடு
கிளினிக் கொப்பியையும் மேசையில் வைத்தான்.
டிக்கோயா ஆஸ்பத்திரி. வலிப்பு.
என் சிவப்பு மை விழுந்த அதே மூன்று நாள்
அங்கே நீல மையில்
"வந்தார்."

அதற்கு முந்திய இரண்டு மாதம்?
என் பதிவேட்டில் கையெழுத்து, ஒழுங்காக.
கொப்பியில் வெற்றிடம்.
"அப்ப மாத்திரைக்கு என்ன செஞ்சீங்க?"
"பாதி பாதியா உடைச்சுப் போட்டேன் மிஸ்."
பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல்,
"ஏழாம் நம்பர் மலைல கானுக்குள்ள விழுந்துட்டேன்.
குடிச்சிட்டுக் கெடக்கான்னு
கங்காணி பேரை வெட்டிட்டாரு."

நாக்கோரத்தில் பல் பட்ட தழும்பு.
முன்பும் அவன் வாய் திறந்து பேசியிருப்பான்.
நான் விரலை மட்டும் பார்த்திருக்கிறேன்,
சரியான கட்டத்தில் போடுகிறானா என்று.

கிழமையை மாற்றித் தரும்படி
கண்டிக்கு எழுதினேன்.
"பரிசீலனையில்" என்றது தொலைபேசியில் ஒரு குரல்.

அடுத்த முதல் செவ்வாய்
பதிவேட்டை சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு
மழையோடு பஸ் ஏறினேன்.
அனுமதி கேட்கவில்லை;
கேட்டால் அதுவும் பரிசீலனைக்குப் போகும்.

வாங்கில் இருந்தான். நம்பர் அறுபத்தொன்று.
முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.
ஈரத் தாளில் மை கொஞ்சம் பரவியது.
"இதுக்குத் தனியா ஒரு நாள் பேர் போகாதே மிஸ்?"
"இல்ல. ரெண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்."
அந்த ஒன்றை யார் தருவார்கள் என்று
அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இல்லை.

பதிவேட்டை மூடப் போனேன்.
சுவரோரம் இருமிக்கொண்டிருந்த ஒருத்தி
சால்வையை விலக்கி எழுந்தாள்.
"மிஸ், எனக்கும் இன்னைக்குத்தான்."
அவளுக்குப் பின்னால் இன்னொருவன்,
பேனை இருக்கிறதா என்று
யாரிடமோ கேட்டபடி.